வில்லுக்கு மரப்பட்டை ஒட்டுவது எப்படி?

இரண்டு மெல்லிய மரப்பட்டைகளை (மரத்தின் தோல் அல்ல, அறுத்தெடுத்த நீளமான மரக்கீற்றுகள்) ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். முனையை உற்றுப் பார்த்தால் ஒரு பட்டை மற்றதைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வளையும்போது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. அடுக்கு வில்லில் பசைக்கு இருக்கும் வேலையே இந்த வழுக்கலைத் தடுப்பதுதான். தடுத்துவிட்டால் கிடைக்கும் பலனும் பெரிது. ஒரே தடிமனுள்ள இரண்டு பட்டைகளை ஒட்டாமல் வளைப்பதைவிட, ஒட்டியபின் வளைக்க நான்கு மடங்கு பலம் வேண்டும். நாணை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வித்தியாசத்தை ஒரு தலைமுடி கனத்துப் பசைதான் தாங்குகிறது.

வழுக்கலை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த வேலையில் வரும் பெரும்பாலான "ஏன் இப்படி?" கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். கீழே சொல்வதெல்லாம் முதல்முறை செய்பவருக்கு ஏற்ற இரண்டடுக்கு வில்லுக்கானது: முதுகுக்கு ஒரு மெல்லிய பட்டை, வயிற்றுக்கு ஒரு தடித்த பட்டை. இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. முதுகு இழுபடும், வயிறு நசுங்கும், நடுவில் இருக்கும் பசை வழுக்கலைத் தாங்கும். மூன்று, நான்கு அடுக்குக்கும் முறை இதேதான், பரபரப்பு மட்டும் கூடும். அதனால் முதல் வில்லை இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டைகள்

முதுகுக்கு ஹிக்கரி, மேப்பிள், மூங்கில் போன்ற இழுவிசை தாங்கும் மரம் வேண்டும். 3 மி.மீ. தடிமன் போதும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது ரேகை. ஒரு முனையில் தொடங்கும் ரேகை மறுமுனைவரை நேராக ஓட வேண்டும். நடுவழியில் ஓரத்தை நோக்கி விலகி வெளியே போய்விடும் பட்டை அந்த இடத்தில்தான் பிளக்கும். மூங்கில் என்றால் வெளித்தோலின் நார்தான் பலம். அந்தப் பக்கத்தில் பளபளப்பை மட்டும் சுரண்டிவிட்டு, மெலிய வைக்கும் வேலையை உட்பக்கத்தில் செய்யுங்கள்.

வயிற்றுப் பட்டை பிடிக்கு அருகில் 12 மி.மீ., நுனியில் 9 மி.மீ. என்று சீராக மெலிந்து போகட்டும். சுமார் 180 செ.மீ. வில்லுக்கு 190 செ.மீ. நீளத்தில் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். அகலத்தையும் தேவையைவிட அரை செ.மீ. கூடுதலாக விடுங்கள். பசை போட்டபின் பட்டைகள் கொஞ்சமாவது நகரும், ஓரத்தைச் சீவித்தான் ஆக வேண்டும்.

இரண்டு பட்டைகளும் ஒரே இடத்தில் சில வாரங்கள் கிடந்து ஒரே ஈரப்பதத்துக்கு வந்திருப்பது நல்லது. 8 முதல் 10 சதவீதம் சரியான அளவு. ஈரமான பட்டையையும் காய்ந்த பட்டையையும் சேர்த்து ஒட்டினால், ஈரமானது பின்னால் சுருங்கும்போது வில்லையே திருகிவிடும்.

எந்தப் பசை?

கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பசை நாற்காலிக்கு நன்றாக இருக்கும். வில்லுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காய்ந்த பிறகும் அது கொஞ்சம் இளகும் தன்மையோடு இருக்கும். தொடர்ந்து விசை விழுந்தால் மெதுவாக இழுபட்டு, பட்டைகள் நூலளவு வழுக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீர் தாங்கும் மரப்பசைகள் மேல். டைட்பாண்ட் 3 போன்றவற்றை வைத்துப் பலர் நல்ல மர வில் செய்கிறார்கள். விலை குறைவு, கலக்கத் தேவையில்லை, கையைத் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம். ஆனால் பூசிய பிறகு கிடைக்கும் நேரம் குறைவு. திறந்தபடி சுமார் 10 நிமிடம்தான், வெயில் நேரத்தில் அதுவும் குறையும். இன்னொன்று, இந்தப் பசைக்கு நெருக்கமான இணைப்பு வேண்டும். இடைவெளியை அது நிரப்பாது.

யூரியா ஃபார்மால்டிஹைடு தூள் பசை கல்லாகக் காயும், இழுபடாது. வில் செய்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது. அறை வெப்பம் 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சரியாக இறுகாது. பழைய தூள் பலம் இழந்திருக்கும், எனவே டப்பாவின் தேதியைப் பாருங்கள். காய்ந்த பசையைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது, முகக்கவசம் கட்டாயம்.

எபாக்ஸி, அதாவது இரண்டு பாகங்களைக் கலந்து இறுக வைக்கும் பசை, மூன்றிலும் பொறுமைசாலி. சின்ன இடைவெளியை நிரப்பும், எண்ணெய்ப்பசை உள்ள மரத்திலும் பிடிக்கும். மெதுவாக இறுகும் வகை வாங்கினால் அரை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாம். ஐந்து நிமிட எபாக்ஸியின் பக்கம் போகவே வேண்டாம். என்னைக் கேட்டால், புதியவருக்கு மெதுவான எபாக்ஸிதான். ஒரு குறை உண்டு: அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த வில்லை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பொங்கி நுரைக்கும் பாலியூரித்தேன் பசை இடைவெளியை நிரப்புவதுபோல் தெரியும். அந்த நுரைக்குப் பலம் கிடையாது.

பரப்பு: பாதி வேலை இங்கே

ஒட்டு விட்டுப்போன வில்லைப் பிரித்துப் பார்த்தால் பசையின் மேல் பழி போட முடியாத நிலைதான் அதிகம். பட்டைகள் சரியாகப் பொருந்தியிருக்காது, அல்லது பரப்பு அழுக்காகவோ பழையதாகவோ இருந்திருக்கும்.

பொருத்தத்தைச் சோதிக்க இரண்டு பட்டைகளையும் சேர்த்து விரலால் மட்டும் அழுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எங்கேயாவது ஒளிக்கீற்று தெரிகிறதா? கிளாம்ப் (திருகி இறுக்கும் கருவி) போட்டு முறுக்கினால் அந்த இடமும் மூடிக்கொள்ளும் என்று தோன்றும். மூடிக்கொள்ளும்தான். ஆனால் அந்த இடத்துப் பசை வில் இருக்கும்வரை பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நாணின் விசை அதற்கு மேல் தனி. விரல் அழுத்தத்தில் மூடாத இடைவெளியைத் தேய்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

தேய்க்கும் முறை: நீளமான, சமதளமான பலகை ஒன்றில் 60 அல்லது 80 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். பட்டையின் பசைப் பக்கம் முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குங்கள். பட்டையைத் தாளின் மேல் வைத்து நீளவாக்கில் இழுங்கள். பென்சில் அழிந்த இடம் மேடு, மிச்சமிருப்பது பள்ளம். எல்லாக் கிறுக்கலும் அழியும்வரை தொடருங்கள். உப்புத்தாளைக் கையில் மடித்துப் பிடித்துத் தேய்க்காதீர்கள். கை ஓரங்களில் சரிந்து, பட்டையின் விளிம்பு உருண்டுவிடும். நடுவில் கச்சிதமாக ஒட்டி ஓரத்தில் வாய் பிளந்திருக்கும் வில்கள் இப்படித்தான் உருவாகின்றன. இயந்திர இழைப்புளியில் சீவிய பட்டையிலும் சின்னச் சின்ன அலைகள் இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், தெரியும்.

எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்பது பசையைப் பொறுத்தது. மரப்பசைக்கு, கூரான இழைப்புளியால் அப்போதுதான் சீவிய வழவழப்பான பரப்பு சிறந்தது. எபாக்ஸிக்குச் சொரசொரப்பு பிடிக்கும். ஹாக்சா பிளேடின் பல்லை நீளவாக்கில் வைத்து இழுத்து மெல்லிய கோடுகள் போடுங்கள். கோடு ஓரம்வரை ஆழமாக இறங்கக் கூடாது, இறங்கினால் பின்னால் பக்கவாட்டில் அசிங்கமாகத் தெரியும். கோடு போட்டபின் எழுந்து நிற்கும் பிசிறுகளை ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. பட்டையின் நீட்டி விட்ட முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பரவி ஊறினால் பசையும் ஊறும். முத்துபோல உருண்டு நின்றால் பரப்பு பழையது அல்லது எண்ணெய் ஏறியது. மீண்டும் சீவுங்கள். இரண்டு வாரம் முன்பு சீவி வைத்த மரம் கண்ணுக்குப் புதிதாகவே தெரியும், தண்ணீர் ஏமாறாது. ஐப்பே, தேக்கு போன்ற எண்ணெய்ப்பசை உள்ள மரங்களை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் நிறம் ஏறாமல் வரும்வரை துடையுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. துடைத்தபின் வெறும் விரல் அந்தப் பரப்பில் படவே கூடாது.

அச்சு

நேராக ஒட்டுவதானால் நேரான கட்டை ஒன்று போதும். ஆனால் பெரும்பாலும் நுனிகள் இலக்குப் பக்கம் 5 செ.மீ. அளவு வளைந்திருக்கும்படி ஒட்டுவார்கள். இது எதிர்வளைவு. முன்னே சொன்ன வழுக்கலை நமக்குச் சாதகமாக்கும் வேலை இது. வளைந்த நிலையில் பட்டைகள் வழுக்கி நிற்கும்போதே பசை பூட்டிவிடுகிறது. அச்சிலிருந்து எடுத்தபின் அவை திரும்ப வழுக்க முடியாததால் வளைவும் தங்கிவிடுகிறது. முழுவதும் தங்காது. ஒரே தடிமனான இரண்டு பட்டைகள் என்றால் கால் பங்கு நிமிர்ந்துவிடும். 3 மி.மீ. முதுகும் 12 மி.மீ. வயிறும் என்றால் பாதியளவு போய்விடும். அச்சைச் செதுக்கும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

இரண்டு பிளைவுட் பலகைகளைச் சேர்த்து, வில்லைவிடச் சற்று அகலமாக, மேல்விளிம்பு அந்த வளைவில் வரும்படி அறுத்தால் அச்சு தயார். விளிம்பில் அலை இருந்தால் அது அப்படியே வில்லில் இறங்கும், எனவே நீளமான உப்புத்தாள் பலகையால் தேய்த்துச் சீராக்குங்கள். வில் படும் இடமெல்லாம் பேக்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், பசை அதில் பிடிக்காது. மெழுகு தடவுவோரும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை, மெழுகு பட்ட விரல் பசைப் பரப்பைத் தொட்டால் கதை முடிந்தது.

இறுக்குவதற்கு கிளாம்ப் என்றால் 5 முதல் 7 செ.மீ.க்கு ஒன்று வீதம், அதாவது ஏறத்தாழ முப்பது வேண்டும். அவ்வளவு வாங்க வேண்டியதில்லை. பழைய சைக்கிள் டியூபை இரண்டு செ.மீ. அகலத்தில் நீளமாக வெட்டி, உள்ளே இருக்கும் பவுடரைத் துடைத்துவிட்டு, இழுத்து இழுத்துச் சுற்றினால் அருமையாக அழுத்தும். ஒவ்வொரு சுற்றும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். முதுகு உருண்டிருக்கும் மூங்கிலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை, கிளாம்ப் அதன் நடுமேட்டில் மட்டும்தான் அழுத்தும். ஜப்பானிய யூமி வில் செய்பவர்கள் கயிற்றைச் சுற்றி, அதற்கடியில் மூங்கில் ஆப்புகளை வரிசையாக அடித்து இறுக்குகிறார்கள். எந்த ஆப்பை எவ்வளவு அடிப்பது என்பதை வைத்தே வில்லின் வளைவையும் அமைத்துக்கொள்கிறார்கள். கிளாம்ப் இல்லை என்பது ஒரு சாக்கே இல்லை.

கிளாம்ப் போட்டால், மெல்லிய முதுகுப் பட்டையின் மேல் நேரடியாக வைக்காமல் இடையில் 5 மி.மீ. கனத்தில் வளையக்கூடிய ஒரு பட்டையை, டேப் சுற்றி, வையுங்கள். அழுத்தம் பரவும்.

ஒத்திகை

பசையில்லாமல் முழு வேலையையும் ஒருமுறை செய்யுங்கள். பட்டைகளை அடுக்கி, அச்சில் வைத்து, கடைசி கிளாம்ப் வரை இறுக்கி, கடிகாரத்தைப் பாருங்கள். பசை பூசும் நேரம் இன்னும் இதில் சேரவில்லை. இறுக்க மட்டுமே எட்டு நிமிடம் பிடித்தால், பத்து நிமிடப் பசையோடு போட்டி போடாதீர்கள். மெதுவான எபாக்ஸிக்கு மாறுங்கள் அல்லது கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டைகள் நகராமல் இருக்க ஆணி அடிப்பது இந்த ஒத்திகையில் தீர்க்க வேண்டிய விஷயம். ஈரப் பசை எண்ணெய் மாதிரி வேலை செய்யும். கிளாம்பை முறுக்கியதும் பட்டை பக்கவாட்டில் நழுவும். அதற்காக இரு முனையிலும் நடுவிலும் மூன்று ஆணி அடித்துவிடலாம் என்று தோன்றும். நேரான வில்லுக்குச் சரி. எதிர்வளைவு வைத்தால் முனைகள் வழுக்கியே தீர வேண்டும். ஆணி அதைத் தடுத்தால் முதுகுப் பட்டை நடுவில் எங்காவது புடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் பிடியின் மையத்தில் மட்டும் மெல்லிய துளையிட்டு ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகுங்கள். முனைகளுக்கு, அச்சின் இரு பக்கமும் சின்ன மரத்துண்டுகளைத் திருகி வையுங்கள். அவை பக்கவாட்டு நழுவலைத் தடுக்கும், நீளவாக்கில் போக விடும்.

கிளாம்புகளைக் கழற்றும்போது பாதி திறந்த நிலையிலேயே, எடுக்கும் வரிசையில் தரையில் அடுக்கி வைத்துவிடுங்கள்.

பசை போடும் நேரம்

கையுறை மாட்டுங்கள். எபாக்ஸிக்கு இது சம்பிரதாயம் அல்ல. தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் போகாது. பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அசிட்டோனால் துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும்.

190 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலமுள்ள ஓர் இணைப்புக்கு 40 முதல் 50 கிராம் எபாக்ஸி போதும், வழிந்து வீணாவதும் இதில் அடக்கம். இரண்டு பாகங்களின் விகிதம் எடையிலா கொள்ளளவிலா என்பதைப் பொட்டலத்தில் பார்த்து, எடையென்றால் தராசிலும் கொள்ளளவென்றால் அளவுக் குவளையிலும் அளந்து கலக்குங்கள். கண்ணளவு வேண்டாம். பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிச் சுரண்டி மூன்று நிமிடமாவது கிளறுங்கள். கலந்ததை ஆழமான குவளையில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் நேரம் நீளும்.

இரண்டு பரப்பிலும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசி மறுபக்கத்தை அழுத்திக்கொள்ளட்டும் என்று விடுவது சோம்பேறித்தனம். எபாக்ஸியை மெல்லியதாகப் பூசிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். மரம் குடித்து மங்கிய இடங்கள் தெரியும், அங்கே இன்னொரு முறை தடவுங்கள். மரப்பசைக்குக் காத்திருப்பு கிடையாது, பூசியதும் சேர்த்துவிட வேண்டும்.

மையக் குச்சியைச் செருகி, அச்சில் வைத்து, நடுவிலிருந்து நுனிகளை நோக்கி ஒரு கிளாம்ப் இந்தப் பக்கம், ஒரு கிளாம்ப் அந்தப் பக்கம் என்று போங்கள். நுனியிலிருந்து ஆரம்பித்தால் பசையும் காற்றும் நடுவில் மாட்டிக்கொள்ளும். முதல் சுற்றில் லேசாக இறுக்கி, பட்டைகள் நேராக இருக்கின்றனவா என்று முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். டியூப் சுற்றினால் வில் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. மேல்பாதியை வலமாகவும் கீழ்பாதியை இடமாகவும் சுற்றிவிட்டுத் திருகல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

எவ்வளவு இறுக்குவது? மரப்பசைக்கும் யூரியா பசைக்கும் நல்ல அழுத்தம் வேண்டும். எபாக்ஸிக்குப் பட்டைகள் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பலமெல்லாம் காட்டி முறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி உள்ளே வறண்டுவிடும். அடையாளம் ஓரத்தில் தெரியும். இரண்டு பக்கமும் நீளம் முழுக்க வியர்வை அரும்பியதுபோல் சிறு சிறு துளிகள் வரிசையாக நிற்க வேண்டும். துளியே இல்லாத ஓர் இடம் இருந்தால் அங்கே பசை போதவில்லை அல்லது பட்டைகள் தொடவில்லை. இப்போதே பிரித்துப் பூசினால் சரியாகும், நாளைக்கு முடியாது. மரப்பசையானால் பத்து நிமிடம் கழித்துக் கிளாம்புகளை இன்னொரு கால் திருகு திருகுங்கள், பசை வழிந்ததில் அழுத்தம் குறைந்திருக்கும்.

மிஞ்சிய பசையைத் தூக்கிப் போடாதீர்கள். அதே மரத்தின் இரண்டு துண்டுகளை அதே பசையால் ஒட்டி வையுங்கள், கலந்த தட்டையும் பக்கத்திலேயே விடுங்கள்.

பிரித்த பிறகு

எபாக்ஸி என்றால் ஒரு முழு நாள், மற்றவை என்றால் ஓர் இரவாவது அச்சிலேயே இருக்கட்டும். குளிர் நாளில் கூடுதல் நேரம். தட்டில் இருக்கும் மிச்சத்தில் நகத்தை அழுத்துங்கள். தடம் விழுந்தால் வில்லைத் தொடாதீர்கள். மரப்பசையில் தண்ணீர் இருப்பதால், அச்சிலிருந்து எடுத்தபின்னும் மூன்று நான்கு நாள் வில்லை வளைக்காமல் விட்டுவைப்பது நல்லது. அந்தத் தண்ணீர் மரத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஈரமான வயிற்றை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும்.

காய்ந்து நிற்கும் எபாக்ஸித் துளிகள் கண்ணாடிச் சில்லுபோல் வெட்டும். கையுறையோடு, அரத்தால் ராவி எடுங்கள். இழைப்புளியை அதன்மேல் ஓட்டினால் கூர் போய்விடும்.

இப்போது சோதனைத் துண்டை எடுத்து, பசைக் கோட்டில் உளியை வைத்து ஒரு தட்டு. பிளந்த இரண்டு முகங்களிலும் மரநார் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் மரத்தைவிடப் பசை வலுவாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு முகத்தில் பசை பளபளவென்று கழன்று வந்து, மறுமுகத்தில் மரம் சுத்தமாக இருந்தால் பரப்பு சரியில்லை. வில்லிலும் அதே நிலைதான் இருக்கும். அதை இழுத்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள், இழுத்த நிலையில் முதுகு கழன்றால் சிலாம்புகள் முகத்தை நோக்கித்தான் வரும். துண்டு தேறினாலும் முதல் சில இழுப்புகளுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

வில்லின் இரு பக்கங்களையும் மரம் தெரியும்வரை சீவி, ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ஆல்கஹால் மரத்திலிருந்து சட்டென்று காயும். விரிசல் இருந்தால் அதற்குள் போனது காயாமல் ஒரு கருங்கோடாக நிற்கும். கோடு நுனியில் ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் என்றால், நீட்டி விட்ட பகுதியோடு அறுத்தெறியலாம். அறுக்க இடமில்லை என்றால் லேசாகச் சூடேற்றி நீர்த்த எபாக்ஸியை உள்ளே இறக்கி, கிளாம்ப் போட்டு, காய்ந்தபின் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசை தடவிவிடுங்கள். கரத்தின் (பிடிக்கும் நுனிக்கும் இடையே வளையும் பகுதியின்) நடுவில் விரிசல் ஓடினால் ஒட்டுப் போட்டு மறைக்க முயல வேண்டாம். முதுகுப் பட்டையை முழுவதும் சீவி எடுத்துவிட்டு, வயிற்றில் இருக்கும் பழைய பசையைப் புது மரம் வரும்வரை தேய்த்து, இன்னொரு பட்டையை ஒட்டுங்கள். காய்ந்த மரப்பசையின் மேல் புது மரப்பசை பிடிக்காது. வயிற்றுப் பட்டை மெலிந்திருக்கும் என்பதால் வில்லின் பலம், அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை, சில பவுண்டு குறையும்.